பறக்க விடாத சோடி

பயணம் எப்படி என்று மச்சானிடம் கேட்டால் புறாவைத்தான் சொல்வார். கொழும்புக்கு அரிசி மூடை ஏற்றிப் போய் நாலைந்து நாள் கழித்து வந்திறங்குவார். கண் சிவந்திருக்கும், சாரம் கசங்கியிருக்கும். ராத்தா தேத்தண்ணீரை நீட்டியபடியே, ரோட்டு எப்படி, மழை பெய்ததா, எங்கெங்கே மறித்தார்கள், சாப்பாடு கிடைத்ததா என்று கேட்டுக்கொண்டே போவார். மச்சான் ஒரு மிடறு குடித்துவிட்டு, மகாஓயாவைத் தாண்டிக் காட்டு ரோட்டில் பச்சைச் செட்டை வைத்த புறா ஒன்று நடந்து போனதாகச் சொல்வார். அது குறுக்கே கடந்து பற்றைக்குள் மறையும் வரை லொறியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ராத்தா கேட்ட ஒன்றுக்கும் பதில் இராது. ஆனாலும் ராத்தாவுக்கு விளங்கிவிடும். காட்டு ரோட்டில் லொறியை நிறுத்திப் புறா பார்க்க முடிந்திருக்கிறது என்றால் பயணம் நல்லபடி முடிந்திருக்கிறது.

ராத்தா என் மூத்த சகோதரி, மச்சான் அவருடைய மாப்பிள்ளை, அதாவது புருசன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை அங்கே கூட்டி வருவதுதான் வழக்கம். உம்மா சாய்ந்தமருதில் இருந்த தன் வளவை இரண்டாகப் பிரித்து ராத்தாவுக்கும் எனக்கும் ஆளுக்கொரு வீடு கட்டித் தந்தார். நடுவில் வேலி போடவில்லை. அதனால் மச்சானை அவர் வந்த நாளிலிருந்து போன நாள் வரைக்கும் பார்த்தவள் நான்.

அவர் நிந்தவூர்க்காரர். கலியாணம் முடித்து வரும்போது சூட்கேசோடு ஒரு புறாக்கூட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். மறுகிழமை கூட்டைத் திறந்துவிட்டதும் அத்தனை புறாவும் நிந்தவூருக்கு, அவருடைய உம்மா வீட்டுக் கூரைக்கே போய்விட்டன. ராத்தாவுக்குச் சிரிப்பு. மச்சான் அவற்றைத் திரும்பப் பிடித்து வரப் போகவில்லை. அவை பொரித்த குஞ்சுகளை, இறகு முளைக்கிற பருவத்தில் கொண்டுவந்து எங்கள் வளவில் வளர்த்தார். அவைதான் ராத்தா வீட்டுப் புறாக்கள் ஆயின. வளர்ந்த புறாவைக் கொண்டு வந்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, "பெரிசுகள் வேற ஊட்ட ஏற்காது மச்சி. குஞ்செண்டாத்தான் ஏற்கும்" என்றார். என்னோடு அவர் பேசிய முதலாவது நீளமான பேச்சு அதுதான். அதன் பிறகு யார் வந்து புறா கேட்டாலும் குஞ்சுதான் கொடுப்பார். பெரிய புறாவைக் கொடுத்து நான் கண்டதில்லை, ஒரே ஒரு தரத்தைத் தவிர.

எங்களுக்கெல்லாம் புறா என்றால் புறாதான். மச்சானுக்கு அப்படியில்லை. சம்மாந்துறை அரிசி ஆலைகளின் தகரக் கூரைக்குக் கீழே, வளைமரங்களில் நெருங்கிக் கிடக்கும் சாம்பல் நிறத்தவை மாடப்புறா. மனிதன் கட்டிய கட்டடமோ பாலமோ அவற்றுக்கு வேண்டும். வயல் வட்டை வரம்பிலும் மணல் ஒழுங்கையிலும் தலையை ஆட்டி ஆட்டி நடக்கிற, கழுத்தில் புள்ளி போட்டது மணிப்புறா. நாலு குச்சியைக் குறுக்கே வைத்துவிட்டு அதைக் கூடு என்று நினைத்துக்கொள்ளும். கீழே நின்று பார்த்தால் முட்டை தெரியும். காட்டு ரோட்டில் நடந்த பச்சைச் செட்டைக்காரி வேறு, உடம்பே பச்சையான பச்சைப்புறா வேறு; இது நிலத்துக்கு இறங்குவது அபூர்வம். அம்பாறைக் குளத்துப் பக்கம் ஆலம்பழம் பழுக்கிற காலத்தில் மரம் நிறைய உட்கார்ந்திருக்கும், இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நுவரெலியாவுக்கு அரிசி கொண்டுபோன ஒருமுறை, பனி மூடிய மலைக்காட்டில், கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட பெரிய புறா ஒன்றைக் கண்டார். அந்தக் கதையைப் பெருநாளுக்குப் பெருநாள் சொன்னார். அது அந்தக் குளிரை விட்டு இறங்கி வராதாம்.

வளர்த்ததில் விசிறிப்புறா இரண்டு இருந்தது. வாலை விரித்துக்கொண்டு முற்றத்திலேயே உலாவும். பெரிதாகப் பறக்காது. ராத்தாவுக்கு அதுதான் விருப்பம். மேலே போய்க் குட்டிக்கரணம் அடிக்கிற கரணப்புறா என் பிள்ளைகளின் விருப்பம். மச்சானுக்கு ஹோமர். பார்ப்பதற்கு ஆலைப் புறா மாதிரித்தான் இருக்கும், நெஞ்சு மட்டும் கொஞ்சம் அகலம். எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்கு வந்துவிடும். குருநாகலில் வைத்து விட்டும் வந்திருக்கிறது.

அது சண்டைக் காலம். கைத்தொலைபேசி இல்லை. லொறி வெளிக்கிட்டுப் போனால் திரும்பி வரும் வரைக்கும் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. மச்சான் ஒரு பிரம்புக் கூடையில் ஹோமர் சோடியை வைத்துத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் கொண்டு போவார். மகியங்கனை தாண்டி, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் அவற்றை விடுவார். அது வரைக்கும்தான் பயம். அன்று பின்னேரம் சோடி ராத்தா வீட்டுக் கூரையில் வந்து நிற்கும். ராத்தா அதற்குப் பிறகுதான் சோறு தின்பார். இப்படிச் செய்யப் போகிறேன் என்று மச்சான் ராத்தாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல்தரம் புறா தனியாக வந்ததைக் கண்டு ராத்தா அழுது ஊரைக் கூட்டிவிட்டார். இரண்டாம் மூன்றாம் தரத்தில்தான் விளங்கியது.

ஒருநாள் லொறி போய்க் கொஞ்ச நேரத்திலேயே புறாக்கள் வந்துவிட்டன. அம்பாறையைக்கூடத் தாண்டியிருக்க முடியாது. ராத்தா கூரையைப் பார்த்தபடி அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். என் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். அம்பாறைக்கு இங்கால ஒரு சோதனைச் சாவடியில் லொறியை மறித்து, மூடைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். புறா எதற்கு, கடிதம் கொண்டு போகிறாயா என்று ஒரு ஆமிக்காரன் கேட்டிருக்கிறான். மச்சானுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறார். அவன் சந்தேகப்பட்டுக் கூடையைத் திறந்து புறாக்களை விட்டுவிட்டு, லொறியைச் சோதிக்கத் தொடங்கியிருக்கிறான். என் மாப்பிள்ளை தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், இது இவர் பெண்சாதிக்குச் சேதி சொல்லுகிற புறா என்று விளங்கப்படுத்தினார். ஆமிக்காரன் சிரித்துவிட்டு, மூடையை ஏற்றத் தானும் ஒரு கை கொடுத்தானாம்.

அந்தப் பயணம் முடிந்து வந்ததும் ராத்தா சண்டை பிடித்தார். ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பானே என்றார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "அவன் என்னத்துக்குப் புறா எண்டு கேட்டான். அத எப்பிடி அவன்ட சொல்லற?" என்றார். பெண்சாதிக்காக என்று சொல்ல அவருக்கு வெட்கம். ராத்தா சண்டையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று குசினியில் ராத்தா தனியாகச் சிரித்ததை நான் கண்டேன்.

சுனாமியில் கடல் வந்த வருசம் எங்கள் வளவு மெயின் ரோட்டுக்கு மேற்கே இருந்ததால் தப்பியது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் புறா வளர்த்தவர்கள் பலர். வீடுகள் போய்விட்டன. மேலே பறந்து தப்பிய புறாக்கள், கூரை இருந்த இடத்துக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தன. உட்கார ஒன்றும் இல்லை. மச்சான் தினமும் பின்னேரத்தில் ஒரு பை குறுணல் கொண்டுபோய் அந்த வெறும் மணலில் தூவிவிட்டு வந்தார். மனிதருக்கே சோறு இல்லை, இவர் புறாவுக்குத் தீன் போடுகிறார் என்று சிலர் ஏசினார்கள். அவர் நிறுத்தவில்லை. பிறகு ஒருநாள் அந்தப் புறாக்களின் சொந்தக்காரன் ஒருவன் ராத்தா வீட்டுக்கு வந்தான். பெண்சாதியையும் பிள்ளையையும் பறிகொடுத்தவன். அகதிகளுக்குக் கட்டிய வீடு ஒன்றில் அவனை இருத்தியிருந்தார்கள். மச்சானும் அவனும் மாமரத்தின் கீழ் வெகுநேரம் நின்றார்கள். ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவர் உள்ளே போய் ஒரு சோடிக் குஞ்சை எடுத்துவந்து அவன் கையில் வைத்தார். அவன் அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான். எல்லாரும் சொன்ன ஆறுதலுக்கு அழாதவன்.

ராத்தாவுக்கு ஒரே மகள். படித்து, பல்கலைக்கழகம் போய், அங்கே கண்ட புத்தளத்துப் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். நல்ல பையன். மச்சான் மறுக்கவில்லை. அவளுக்கென்று வீட்டுக்கு மேலே ஒரு மாடி கட்டினார். லொறியை விற்ற காசு அதில்தான் போனது. ஆனால் மாப்பிள்ளையின் தாய் படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு இங்கே வந்திருக்க முடியாது என்று அவர்கள் கலியாணத்துக்குப் பிறகு சொன்னார்கள். பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது எங்கள் குடும்பத்தில் அதுவரை நடக்கவில்லை. ராத்தா அழுதார், கதைத்தார், கடைசியில் சம்மதித்தார். மச்சான் மாடிக்குப் பூச வாங்கிய பெயின்ட் வாளிகளை எடுத்துக் கோடிப்புறத்தில் அடுக்கினார்.

வேன் வந்து நின்ற அன்று, எல்லாரும் கொஞ்சி அழுது முடித்த பிறகு, மச்சான் பிரம்புக் கூடையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். "இதக் கொண்டு போ மகள்" என்றார். அவளுடைய முகம் மலர்ந்துபோனது. உள்ளே ஒரு ஹோமர் சோடி. குஞ்சுகள் இல்லை, நன்றாகப் பறந்து பழகிய பெரிய புறாக்கள். நான் கண்டேன். அவர் ஏன் குஞ்சு கொடுக்கவில்லை என்று எனக்கு அப்போது யோசனை போகவில்லை. அழுகைக்கு நடுவில் யார் அதையெல்லாம் யோசிப்பது?

அன்று தொடக்கம் மச்சான் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். புறாக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. வட்டைப் பக்கமாக, மேற்கே பார்த்துக்கொண்டு இருப்பார். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் இறங்கி வருவார். லொறியை விட்ட மனிதன், பொழுது போகவில்லை, புறா பார்க்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

மகள் தினமும் ராத்தாவுக்குப் போன் எடுப்பாள். மணி அடித்தால் மச்சான் எழுந்து வெளியே போய்விடுவார். ராத்தா அதைப் பார்த்து, இவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று முடிவுசெய்து புத்தளத்துக் கதை எதையும் அவர் முன்னால் எடுப்பதில்லை. பெருநாளுக்கு மகள் வந்தால் மச்சான் இறால் வாங்கி வருவார், பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார். அவளிடம் ஒன்றும் கேட்கமாட்டார். அவள் போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாப்பாக்கு என்னோட கோவமா சாச்சி? அந்த ஊட்டப் பத்தி ஒரு வார்த்த கேக்கிறாரில்லயே" என்பாள். கேட்காதவரிடம் அவளும் சொல்லவில்லை. பிறகு கொரோனா வந்து பாதைகளை மூடினார்கள். அந்தப் பெருநாள்களும் போய்விட்டன.

ஒரு பின்னேரம் உடுப்புக் காயப்போட மேலே ஏறினேன். மச்சான் அதே கதிரையில் இருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று சும்மா கேட்டேன். "புள்ள போய்ச் சேந்துட்டாளா எண்டு பாக்கன் மச்சி" என்றார். அவள் போய் வருசங்களாயிற்று. வயதாகி மனது தடுமாறுகிறதோ என்று பயந்து, அவள் எப்போதோ போய்விட்டாளே, நேற்றும் ராத்தாவோடு பேசினாளே என்றேன். அவர் தலையாட்டினார். நான் உடுப்பைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். ராத்தா வருத்தப்படுவார் என்று இதைச் சொல்லவும் இல்லை.

போன வருசம் மச்சானுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. நாக்கும் புரளவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து முன் ஹோலில் கட்டில் போட்டோம். மகள் வந்து இறங்கினாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கம்பி அடித்த ஒரு கூடு. வாப்பா கண்டால் தெம்பு வரும் என்று அவ்வளவு தூரம் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கூட்டை வைத்தாள். ஒரு கிழட்டுப் பெடையும் மூன்று நாலு இளம் புறாக்களும். சேவல் போன மாரியில் செத்துப்போனதாம்.

"வாப்பா, நீங்க தந்த சோடிட குடும்பம்" என்று அவர் முகத்துக்குக் கிட்டக் குனிந்து சொன்னாள். "ஒரு நாளும் நான் கதவத் தொறந்து உடல்ல. உட்டா இஞ்ச வந்திரும் எண்டு எனக்குத் தெரியும்தானே. நீங்க தந்தத நான் திருப்பி அனுப்பிட்டன் எண்டு நீங்க நெனச்சிரக்கூடா."

அவள் அதைப் பெருமையோடுதான் சொன்னாள். மச்சான் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்து தலையணையில் விழுந்தது. சந்தோசத்தில் அழுகிறார் என்று மகள் துடைத்துவிட்டாள். எனக்கு அப்போதுதான் மொட்டை மாடியில் அவர் சொன்னது விளங்கியது. ராத்தாவைப் பார்த்தேன். ராத்தாவுக்கு நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. எத்தனையோ பின்னேரங்கள் கூரையைப் பார்த்துக் காத்திருந்தவர் அவர். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"அதுகள் வரும் எண்டா இவ்வளவு காலமும் மேல இரிந்தீங்க?" என்று கேட்டார்.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

மகளுக்கு நாங்கள் விளங்கப்படுத்திச் சொல்ல நேரம் எடுத்தது. லொறிச் சீட்டில் புறாக் கூடை போய் வந்த அந்தக் காலத்தில் அவள் தொட்டிலில் கிடந்தவள். கேட்டு முடிந்ததும் அவள் சத்தம் போட்டு அழவில்லை. வாப்பாவின் விழுந்துபோன கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு பின்னேரம் முழுதும் அப்படியே இருந்தாள். அவர் என்னவெல்லாம் நினைத்திருப்பார் என்று அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் தனித்தனியே நினைத்துப் பார்த்தோம். புறாவை விற்றுவிட்டாள் என்று நினைத்தாரா, அறுத்துக் கறியாக்கிவிட்டார்கள் என்று நினைத்தாரா, வேண்டுமென்றே சேதி சொல்லாமல் விட்டாள் என்று நினைத்தாரா? கேட்டிருக்கலாம். ஒரு போன்தான். அவளும் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் அவள் கிழட்டுப் பெடையை மாடிக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டாள். அது பறக்கவில்லை. செட்டையை இரண்டு தரம் விரித்து மடித்துவிட்டு, சீமெந்தில் நடந்து திரிந்தது. கூட்டுக்குள் அவளே தூக்கி வைத்தாள்.

ஒரு மாதம் போல நின்று வாப்பாவைப் பார்த்தாள். இனி இங்கேயே இருக்கப் போகிறேன், பிள்ளையைக் கல்முனையில் பள்ளிக்கூடம் சேர்க்கிறேன், மாடியைப் பூசித் தாருங்கள் என்று ராத்தாவிடம் சொன்னாள். ராத்தாவுக்கு அதைவிட என்ன வேண்டும்? அந்த நேரத்தில் மச்சானுக்கு ஓரளவு நாக்குத் திரும்பியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் கல்லை உருட்டுவது மாதிரி உருட்டித்தான் சொல்வார். மகளைக் கூப்பிட்டு, இளம் புறாக்கள் இருந்த கூட்டை இடக்கையால் காட்டினார்.

"அதுகள் அங்க பொறந்த. அங்கதான் இரிக்கோணும். கொண்டு போ."

நான் உங்களைப் பார்க்க இருக்கிறேன் வாப்பா என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் திரும்பவும் கூட்டைத்தான் காட்டினார். அந்தக் கிழமையே அவளுடைய மாப்பிள்ளை வந்து அவளையும் பிள்ளையையும் புறாக்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

நோன்பு தொடங்க முன்னர் மச்சான் மௌத்தானார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மூச்சு ஒரு மாதிரி இழுத்தது. நானும் ராத்தாவும் யாசீன் ஓதிக்கொண்டு தலைமாட்டில் இருந்தோம். முன்பகலில் அடங்கியது. மகளுக்குச் சொல்லியாயிற்று, புறப்பட்டுவிட்டாள். ஆனால் புத்தளம் எங்கே, சாய்ந்தமருது எங்கே? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மையத்தை அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அஸரோடு அடக்கிவிட்டார்கள்.

அவள் வந்து சேர்ந்தபோது முற்றத்தில் கதிரைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டில் வெறுமையாய்க் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு ராத்தாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வாப்பா கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள்.

ராத்தா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓம் மகள். நல்லாக் கதச்சார்" என்றார். "புள்ளய நல்லாப் படிப்பிக்கச் சொன்னார். மாப்புளட உம்மாவ நல்லாப் பாத்துக்கச் சொன்னார். உனக்குத் துஆச் செஞ்சார். உன்னோட ஒரு நாளும் கோவமில்லயாம், அத உனக்கிட்டச் சொல்லட்டாம்."

ராத்தா சொல்லிக்கொண்டே போனார். மகள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அன்று விடிந்ததிலிருந்து மச்சானின் தலைமாட்டை விட்டு நான் எழும்பவில்லை. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் எழுந்து, பயணம் வந்த பிள்ளைக்குத் தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குப் போனேன்.